கோழிக் காசும் கூலி வில்லையும்: ஒரு திருத்தமும் சில குறிப்புகளும்

இக்கட்டுரையை ஒரு திருத்தத்தோடு தொடங்க வேண்டிய நிலையில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஆண்டு மலரில் எங்கள் குடும்பத்து முன்னோரைப் பற்றி நான் எழுதிய சிறு கட்டுரையைச் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். என் பாட்டனாரின் பாட்டனார் நாகூரிலிருந்து பாய்மரக் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வாணிபம் செய்யச் சென்றவர் என்றும், அங்கே ஒரு சுல்தானின் நாணயச்சாலையில் பொறுப்பு வகித்தவர் என்றும், அச்சுல்தான் வெளியிட்ட செப்புக் காசு ஒன்று அதற்குச் சான்றாக எங்கள் வீட்டில் வழிவழியாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது என்றும் அதில் எழுதியிருந்தேன். இவற்றுள் முதற் செய்தி உண்மை; அதற்குப் பழைய பத்திரம் ஒன்று சான்றாக உள்ளது. மற்ற இரண்டும் உண்மையல்ல. எழுதியவன் நானே ஆதலால், திருத்தி எழுத வேண்டிய கடமையும் எனக்கே உரியது.

தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதை விளக்கினால், பழங்காசுகளையும் வணிகர் வில்லைகளையும் இனங்காண்பது எப்படி என்பதும் உடன் விளங்கும். நம் ஜமாஅத்தில் கடல் வாணிபத்தோடு தொடர்புடைய குடும்பங்கள் பல. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, ரங்கூன் என்று போய் வந்தவர்களின் பெட்டிகளில் இத்தகைய செம்பும் பித்தளையும் இன்னும் கிடக்கக்கூடும். அவை பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போய்விடாமல் இருக்க இக்குறிப்புகள் ஓரளவு பயன்படலாம்.

எங்கள் வீட்டுக் காசு சிறியது, மெல்லியது. ஒரு புறம் நிமிர்ந்து நிற்கும் சேவல். அதன் மேலே அரபு எழுத்தில் ஒரு வரி. மறுபுறமும் அரபு எழுத்துகளே. அவற்றின் கீழ் அரபு எண்களில் ஓர் ஆண்டு. என் வாப்பா இதனைக் 'கோழிக் காசு' என்பார். நான் சிறுவனாக இருந்தபோது மதரஸாவில் ஓதிக்கொடுத்த உஸ்தாத் அவர்களிடம் அவர் அதைக் காட்டினார். ஆண்டு 1247 என்பதை உஸ்தாத் உடனே படித்துவிட்டார். சேவலுக்கு மேலுள்ள வரியில் 'மலாயு' என்ற சொல்லையும் கண்டுகொண்டார். மறுபுறத்துச் சொற்கள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அரபியிலும் இல்லை, பார்சியிலும் இல்லை என்றார். மலாய் நாடு, அரபு எழுத்து, ஹிஜ்ரி ஆண்டு ஆகிய மூன்றும் கூடியிருந்தால் ஒரு முஸ்லிம் சுல்தானின் நாணயமாகத்தானே இருக்க வேண்டும்? அன்றே எங்கள் வீட்டில் அது 'சுல்தான் காசு' ஆயிற்று. காலம் செல்லச் செல்ல, அதைக் கொண்டுவந்தவரும் சுல்தானின் அதிகாரியாக உயர்ந்துவிட்டார்.

குத்பாவும் நாணயமும்

என் ஐயம் முதலில் எழுந்தது நாணயவியல் நூல் எதையும் படித்து அன்று. வெள்ளிக்கிழமையொன்றில் நண்பர் ஒருவருடன் வரலாறு பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு செய்தியை நினைவூட்டினார். முற்கால முஸ்லிம் அரசுகளில் ஓர் ஆட்சியாளரின் இறைமைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: ஜும்ஆ குத்பாவில் அவர் பெயர் சொல்லப்படும், நாணயத்தில் அவர் பெயர் பொறிக்கப்படும். புதிதாக அரியணை ஏறியவர் முதலில் செய்வதும் இவ்விரண்டுமே. "அப்படியானால் உங்கள் காசில் எந்தச் சுல்தானின் பெயர் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுல்தான் பெயரும் இல்லை, நாணயச்சாலையின் பெயரும் இல்லை. இருந்த ஒரே உருவம் சேவல்.

பொறித்திருந்தது மலாய் மொழி என்பது பின்னர் தெரிந்தது. நாம் தமிழை அரபு எழுத்தில் எழுதி 'அரபுத் தமிழ்' என்று வழங்கியதுபோல, மலாய் மக்கள் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதி 'ஜாவி' என்றனர். அரபியில் இல்லாத ஒலிகளுக்காக இரு முறைகளிலும் புள்ளிகள் கூட்டப்பட்டன. ஜாவியில் ஃபா எழுத்தின் மேல் மூன்று புள்ளி இட்டால் 'ப' ஒலி. ஐன் எழுத்தின் மேல் மூன்று புள்ளி இட்டால் 'ங்' ஒலி. உஸ்தாத் அவர்கள் தடுமாறிய இடம் இதுவே. அவர் படிக்க முடியாத சொற்கள் 'சாத்து கெப்பிங்'. 'சாத்து' என்றால் ஒன்று. 'கெப்பிங்' என்பது அப்பகுதியில் வழங்கிய செப்புக் காசின் பெயர். சேவலின் மேலுள்ள வரி 'தானா மெலாயு', அதாவது மலாயர் நிலம். அந்தப் பெயரில் ஒரு சுல்தானகமே இருந்ததில்லை. நம் ஊரில் ஒருவர் 'தமிழர் நாடு, ஒரு காசு' என்று மட்டும் பொறித்து வெளியிட்டால் அது எந்த அரசனுக்கும் உரியது ஆகாது அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

எஞ்சியது ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ கி.பி. ஆண்டு கிடைக்கும். 1247 என்பது 1831-32. அரபு எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை: ஏழும் எட்டும் ஒன்றின் தலைகீழ் வடிவம் மற்றொன்று. காசைத் திருப்பிப் பிடித்தால் ஏழு எட்டாகிவிடும். எழுத்து எப்பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று பார்த்த பின்னரே எண்ணைப் படிக்க வேண்டும்.

ஆண்டு பொறித்திருப்பதனாலேயே அந்த ஆண்டில்தான் அடிக்கப்பட்டது என்று கொள்வதும் பிழை. இதற்கு நம் சென்னையே நல்ல சான்று. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்த ஆற்காடு ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும், 'ஆர்காட்' என்ற நாணயச்சாலைப் பெயரும் பார்சியில் காணப்படும். அப்பேரரசர் 1759இலேயே கொல்லப்பட்டுவிட்டார். ஆனால் 1835ஆம் ஆண்டு பொது ரூபாய் வரும்வரை கம்பெனி அதே பெயரையும் அதே ஆண்டையும் இட்டுக் காசு அடித்துக்கொண்டிருந்தது. மக்கள் பழகிய முகத்தையே நம்புவார்கள் என்பது கம்பெனியார் கணக்கு. பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றுமே நடப்புக்குப் பொருந்தாத ஒரு காசு அரசாங்கத்திடமிருந்தே வெளிவந்திருக்கிறது எனில், வணிகர் காசைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பர்மிங்காமில் பிறந்த சேவல்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு நான் பலமுறை சென்றிருக்கிறேன். அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், கம்பெனியார் இந்தியத் தீபகற்பத்தில் வெளியிட்ட நாணயங்களின் வரலாற்றை 1890இல் நூலாக்கினார். தென்னாட்டுக் கம்பெனிக் காசு எதையும் இனங்காண விரும்புவோர் முதலில் புரட்ட வேண்டிய நூல் அது. என் சேவல் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்குரிய நூலை ஃபிரெட் பிரிட்மோர் எழுதினார். நீரிணைக் குடியேற்றங்கள், பிரிட்டிஷ் மலாயா ஆகியவற்றின் நாணயங்கள் குறித்த அந்நூலைச் சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சியகம் 1955இல் தன் ஆய்வு வரிசையில் வெளியிட்டது. பின்னர் சரண் சிங் என்பார் மலேசியா, சிங்கப்பூர், புரூணை நாணயங்களுக்கு ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்தார். அவற்றில் என் சேவல் பல வகைகளோடு இடம்பெற்றிருந்தது. அது சுல்தான்கள் பகுதியில் இல்லை; 'சிங்கப்பூர் வணிகர் வில்லைகள்' என்ற பகுதியில் இருந்தது.

அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் 1819இல் பிரிட்டிஷாரின் வாணிபத் துறைமுகமாயிற்று. பெரிய வரவு செலவெல்லாம் ஸ்பானிய வெள்ளி டாலரில் நடந்தது. ஆனால் மிளகையும் சவ்வரிசியையும் கம்பீரையும் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து விற்கும் தீவுவாசிகளுக்கு வெள்ளி டாலரைக் கொடுக்க முடியாது. செப்புச் சில்லறை வேண்டும். அதுவோ போதுமான அளவு கிடைக்கவில்லை. அரசு செய்யாததை வணிகர்கள் செய்தனர். ஏ.எல். ஜான்ஸ்டன் நிறுவனத்தைச் சேர்ந்த சி.ஆர். ரீட் முதலிய ஐரோப்பிய வணிகர்கள் 1828 முதல் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகரப் பட்டறைகளில் செப்புக் காசுகளை அடிக்கச் செய்து கப்பலில் வரவழைத்தனர்.

பர்மிங்காம் இத்தொழிலுக்குப் புதியதன்று. இங்கிலாந்திலேயே சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலத்தில், 1787 முதல் சுரங்க முதலாளிகளும் கடைக்காரர்களும் தம் பெயரில் செப்பு வில்லைகளை வெளியிட்டனர். 1817இல் பாராளுமன்றம் அத்தகைய தனியார் வில்லைகளைச் சட்டத்தால் தடுத்தது. உள்நாட்டில் தடுக்கப்பட்ட சரக்கு கீழ்த்திசைக்கு ஏற்றுமதியானது என்று சொன்னால் அது மிகையாகாது.

முதலில் அவர்கள் செய்வித்தவை, டச்சுக்காரர்கள் ஜாவாவில் புழங்கவிட்ட 'டாய்ட்' காசின் போலிகள். நம் சென்னைப் பேச்சில் வழங்கும் 'துட்டு' என்ற சொல் இந்த டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதுவர். மலாய் மொழியிலும் பணத்துக்கு 'டுவிட்' என்றே பெயர். டச்சு அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவே, வணிகர்கள் உருவத்தை மாற்றினர். கம்பெனி சுமத்திராவிலிருந்த தன் பென்கூலன் கோட்டைக்கென 1804இல், ஹிஜ்ரி 1219 என்று பொறித்து அடித்த உண்மையான கெப்பிங் காசு ஒன்று உண்டு. அதைப் பார்த்து 'சுமத்திராத் தீவு, 1804' என்று போலிகள் செய்யப்பட்டன. சிங்கப்பூர் தோன்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஆண்டை இட்டுச் சிங்கப்பூர் வணிகர் காசு வந்தது! பின்னர் ஜாவி எழுத்தில் இடப்பெயர்கள் தோன்றின: 1247 என்ற ஆண்டோடு சுமத்திராவைக் குறிக்கும் 'பூலு பெர்ச்சா', மேற்சொன்ன 'தானா மெலாயு', பூகிஸ் மக்களுக்காக 1250 என்ற ஆண்டோடு 'தானா ஊகி', 1251இல் திரெங்கானு, சிலாங்கூர், சியாக் ஆகிய நாடுகளின் பெயர்கள். எந்தத் துறைமுகத்தில் எதை மக்கள் ஏற்பார்களோ, அதற்கேற்ற எழுத்து, அதற்கேற்ற பெயர்.

சேவல் காசில் அச்சு வேறுபாடுகள் பல உள்ளன. ஆண்டு மட்டும் பெரும்பாலும் 1247 ஆகவே இருக்கிறது. ஒரே ஆண்டில் இத்தனை அச்சுகள் தேய்ந்திருக்க இயலாது. பழகிய ஆண்டையே வணிகர்களும் விடாமல் பிடித்துக்கொண்டனர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எடையிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டு. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நகைக்கடையில் பணிபுரியும் உறவினர் ஒருவர், கடையின் மின்னணுத் தராசில் என் காசையும், நண்பரொருவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்த மற்றொரு சேவல் காசையும் நிறுத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேய்மானத்தால் மட்டும் வந்த வேறுபாடாகவும் தோன்றவில்லை. காசு இலேசாக இருக்குமளவுக்கு அதை வரவழைத்த வணிகருக்கு இலாபம். செம்பின் விலைக்கும் காசின் மதிப்புக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியே அவரது வருமானம். அந்த இழப்பு கடைசியாக வந்து விழுந்தது மிளகு விற்றவன் கையில்.

கம்பெனி 1845 என்று ஆண்டு பொறித்த செப்புச் சென்ட், அரைச் சென்ட், கால் சென்ட் காசுகளைக் கல்கத்தாவில் அடித்து நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கவிட்ட பின், வணிகர் வில்லைகளின் காலம் ஒருவாறு முடிந்தது.

குச்சுப் பள்ளிக் காலம்

இதனைப் படித்துவிட்டு எனக்கு ஏமாற்றம் ஏற்படவில்லை என்று சொன்னால் பொய்யாகும். சுல்தான் போய்விட்டார், நாணய அதிகாரியும் போய்விட்டார். ஆனால் அந்த ஆண்டுகளில் அங்கே நம்மவர் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று பார்த்தபோது வேறொரு செய்தி துலங்கியது.

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கொடி ஏற்றிய நாள்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற 'சூலியா' முஸ்லிம்கள் அங்கே வாணிபம் செய்தனர். காதர் முகைதீன் என்ற தலைவரை ஆங்கிலேயர் அச்சமுதாயத்தின் 'கப்பித்தான்' ஆக ஏற்றனர். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர் பெயரால் இன்றும் விளங்குகிறது. சிங்கப்பூரில் சூலியா மக்கள் 1826இல் ஜாமிஆப் பள்ளியை நிறுவினர். அடுத்த ஆண்டில் தெலோக் ஆயர் தெருவில் ஓலைக் குடிசையாக ஒரு பள்ளி எழுந்தது. இன்று அல்-அப்ரார் பள்ளி எனப்படும் அதனை அக்காலத் தமிழ் முஸ்லிம்கள் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தனர். அதே தெருவில் 1828-30 ஆண்டுகளில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடமும் எழுப்பப்பட்டது. அதாவது, ரீட் முதலியோர் முதன்முதலாகச் செப்புக் காசுகளை வரவழைத்த அதே ஆண்டுகளில், அதே கடற்கரைத் தெருக்களில் நம்மவர் குடிசைப் பள்ளி கட்டிக்கொண்டிருந்தனர்.

நம்மவர் இவ்வில்லைகளை அடித்ததாக எந்த நூலிலும் நான் காணவில்லை. வெளியிட்டவர்கள் ஐரோப்பியர், அடித்தவர்கள் பர்மிங்காம் தொழிலாளர். ஆனால் படகோட்டியாகவும், சில்லறை வணிகராகவும், காசு மாற்றுபவராகவும் இருந்த சூலியா மக்களின் கையில் இவை நாள்தோறும் புரண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. பள்ளியின் உண்டியலிலும் இந்தச் சேவல் விழுந்திருக்கும். உயிருருவம் பொறித்த காசு என்று யாரேனும் முணுமுணுத்தார்களா என்று அறிய எனக்கும் ஆவல்தான்! எங்கள் முன்னோரின் இடுப்புவார்ப் பையில் அது வந்து சேர்ந்ததற்குச் சுல்தானின் பதவி தேவையில்லை. அன்றாட வியாபாரமே போதும்.

பத்தொன்பது செண்டு

என் காசின் கதையைக் கேள்வியுற்ற ஜமாஅத்தார் ஒருவர், தியாகராய நகரில் வசிப்பவர், தம் உம்மாவின் பெட்டியிலிருந்த வில்லையொன்றை எடுத்துவந்தார். அவர் குடும்பத்துப் பெரியவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்புவரை கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள். வில்லையில் ஆங்கிலத்தில் 'பிலோ பெர்னாண்டோ' என்ற பெயரும், 'தியத்தலாவை ஆலை' என்பதும், 1881 என்ற ஆண்டும், '19 செண்டு' என்ற மதிப்பும் இருந்தன. இருபது அன்று, பதினெட்டும் அன்று; பத்தொன்பது! எந்த அரசாங்கமும் பத்தொன்பது செண்டுக்குக் காசு அடிக்காது. அடிப்பிழை என்றே அவர் நினைத்திருந்தார்.

விடை கணக்கில் இருந்தது. இலங்கையில் முற்காலத்தில் 'பணம்' என்பது ஒன்றரைப் பென்னிக்குச் சமம். மூன்று பணம் நான்கரைப் பென்னி. இலங்கை 1872இல் பென்னி, ஷில்லிங் முறையை முற்றிலும் கைவிட்டு, நூறு செண்டு கொண்ட ரூபாய் முறைக்கு மாறியது. இரண்டு ஷில்லிங், அதாவது இருபத்து நான்கு பென்னி, ஒரு ரூபாய் எனக் கொண்டால் நான்கரைப் பென்னி 18.75 செண்டு ஆகிறது. முக்கால் செண்டுக்குக் காசு இல்லை, ஆகவே பத்தொன்பது. பழைய மூன்று பணம் புது உடை உடுத்து வந்திருக்கிறது.

இந்த மூன்று பணம் எதன் விலை? ஒரு நாட் கூலியின் விலை. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்த காப்பிக் கொட்டையை உலர்த்தி, உமி நீக்கி, தரம் பிரித்து ஏற்றுமதிக்கு ஆயத்தம் செய்யும் ஆலைகள் கொழும்பில் பல இருந்தன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த ஆலை அவற்றுள் ஒன்று. அதன் வில்லைகளும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. அங்கே கொட்டை பொறுக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். மாலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை கொடுக்கப்படும். குறித்த நாளில் சேர்ந்த வில்லைகளைக் கொடுத்துப் பணம் பெற்றுக்கொள்ள வேண்டும். எழுத்தறியாதவரின் வருகைப் பதிவேடு அதுவே எனலாம். தொலைந்தால் அன்றைய கூலி தொலைந்தது. இடையில் அரிசி வாங்க வேண்டியிருந்தால் அருகிலுள்ள கடைக்காரரிடம் வில்லையைக் கொடுப்பதுண்டு. கடைக்காரர் அதற்கு முழு மதிப்புக் கொடுத்தாரா, கழித்துக்கொண்டு கொடுத்தாரா என்பதை வில்லை சொல்லாது. கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் பெட்டியில், ஆலைக்குத் திரும்பிப் போகாத ஒரு வில்லை இருப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும் என்று நான் சொன்னபோது, நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் தொழிலாளியின் கூலியை நாட்டு நாணயத்திலேயே கொடுக்க வேண்டும் என்று 1831இல் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆண்டு நம் சேவல் காசின் 1247! ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் ஆண்ட இலங்கையில் கூலி வில்லை அடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1869இல் காப்பிச் செடியில் துரு நோய் கண்டு, 1880களில் அத்தொழிலே சரிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்த பின்னரே இவ்வில்லைகள் சேகரிப்புப் பொருள்களாயின. பி. லௌஸ்லி என்பவர் 1895இல் இலங்கையின் நாணயங்களையும் வில்லைகளையும் பட்டியலிட்டார், எச்.டபிள்யூ. காட்ரிங்டனின் இலங்கை நாணய நூல் 1924இல் வெளிவந்தது. ஆலை முதலாளிகளின் பெயர்களை இத்தகைய பட்டியல்களில் காணலாம். கொட்டை பொறுக்கிய பெண்களின் பெயர்கள் எதிலும் இல்லை.

நம் வீட்டுப் பெட்டிகளில்

இனி, இத்தகைய பொருள் கையில் கிடைத்தால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில், அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். அரசர் பெயரோ அரசாங்கத்தின் பெயரோ இல்லாமல், கடை, ஆலை, தோட்டம் அல்லது பொதுவான நிலப்பெயர் மட்டும் இருந்தால் அது வில்லையாக இருக்க வாய்ப்பு மிகுதி. நம் மெட்ரோ இரயில் 2015இல் ஓடத் தொடங்கியபோது பயணத்துக்குக் கொடுத்த நீல வில்லையைப் போன்றதே அது; வெளியிட்டவரின் எல்லைக்குள் மட்டும் அதற்கு மதிப்பு.

அடுத்து மதிப்பின் பெயர். காசு, பணம், வராகன் என்பவை சென்னையில் 1818இல் ரூபாய் முதன்மை பெறுவதற்கு முற்பட்ட கணக்கு முறை; எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். அணா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. உணவகங்களும் ஆலைச் சிற்றுண்டிச்சாலைகளும் கொடுத்த பித்தளை வில்லைகளைக் காலம் கணிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அரபு எழுத்து இருப்பதனாலேயே முஸ்லிம் அரசின் நாணயம் என்று முடிவு கட்ட வேண்டாம். நான் செய்த பிழை அதுவே. கம்பெனி 1803லும் 1808லும் இங்கிலாந்தில் அடித்துச் சென்னைக்கு அனுப்பிய இருபது காசு நாணயத்தில் 'பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்', அதாவது இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் என்று அழகிய பார்சியில் எழுதியிருக்கும். அவ்வகைக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிவிட்டது. 1980களில் கடலடியிலிருந்து அக்காசுகள் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. ஆகவே புதுப்பொலிவோடு ஒன்று கிடைத்தால் போலி என்று உடனே தள்ளிவிடவும் வேண்டாம். இதற்கு மாறாக, ஆற்காடு நவாப் வாலாஜா முகம்மதலி வெளியிட்ட சிறு செப்புக் காசுகளில் அவர் பட்டப்பெயரே பொறிக்கப்பட்டிருக்கும். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குப் பெயர் தந்த அதே வாலாஜா.

போலிகள் குறித்து ஓர் எச்சரிக்கை. 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்ற பெயரோடு 1616, 1717, 1818 முதலிய ஆண்டுகள் பொறித்து, சமயச் சின்னங்களோடு அரை அணா, ஒரு அணா என்று விற்கப்படுபவை நாணயமும் அன்று, வணிகர் வில்லையும் அன்று. பிற்காலத்தில் பட்டறைகளில் செய்யப்பட்ட அலங்காரப் பொருள்கள் அவை. 1616லும் 1717லும் கம்பெனி அணா என்ற காசையே அடித்ததில்லை. இவற்றைக் காட்டி, 'அரிசியை ஈர்க்கும் சக்தி உண்டு, கோடிக்கணக்கில் விலை போகும்' என்று சொல்லி ஏமாற்றும் 'ரைஸ் புல்லிங்' கூட்டத்தாரைத் தமிழகக் காவல்துறை பலமுறை கைது செய்தும் ஏமாறுவோர் குறையவில்லை. நமக்குத் தெரிந்த ஒருவரே மகளின் திருமணத்துக்குச் சேர்த்த தொகையில் ஒரு பகுதியை இப்படி இழந்திருக்கிறார். சேவல் காசுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. சாதாரண வகைகளுக்கு இன்றும் பெரிய விலை கிடையாது. எவரேனும் பெரிய தொகை சொன்னால் முதலில் ஐயப்படுங்கள்.

காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பெருநாளுக்கு முன் பித்தளைச் சாமான்களோடு சேவல் காசையும் சேர்த்துத் துலக்கிவிட்டார்கள். சேவலின் வால் இறகுகள் அன்று போனவைதாம். பிளாஸ்டிக் உறையும் செம்புக்கு ஆகாது. காகித உறை போதும். உறையின் மேல் யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தது என்பதை எழுதிவையுங்கள். நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும், வீடு கட்டத் தோண்டும்போது மண்ணிலிருந்து கிடைப்பவற்றை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் காசின் உறையை இப்போது மாற்றிவிட்டேன். பழைய உறையில் வாப்பாவின் கையெழுத்தில் 'மலாய் சுல்தான் காசு' என்றிருந்தது. அதைக் கிழிக்க மனம் வராமல் உள்ளேயே வைத்திருக்கிறேன். புதிய உறையில் எழுதியிருப்பது: 'செம்பு. ஒரு புறம் சேவல், தானா மெலாயு. மறுபுறம் சாத்து கெப்பிங், 1247. சிங்கப்பூர் ஐரோப்பிய வணிகர் பர்மிங்காமில் அடிப்பித்தது. கொண்டுவந்தவர் நாகூர் வியாபாரி, எங்கள் பாட்டனாரின் பாட்டனார்.'